எழுதத் தோன்றியதை மறக்கும் முன் எப்படிப் பதிந்து வைக்கிறீர்கள்?

கண்மாய்க்கரை (மதுரை) – இழையைத் தொடங்கியவர்

அன்பர்களுக்கு வணக்கம். மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் கண்மாய்களைப் பற்றி அவ்வப்போது கட்டுரை எழுதி வருகிறேன். எழுதப் பொருள் கிடைக்காமல் நின்றதில்லை. தோன்றிய பொருள் கட்டுரையாகும் வரை அதைக் கைநழுவாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. கலிங்கின் (கண்மாயின் உபரிநீர் வழியும் கட்டுமானம்) மேல் நடந்துகொண்டிருக்கும்போதோ, தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பழைய மடைமுறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதோ, இருசக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கும்போதோ ஒரு கேள்வி தெளிவாகத் தோன்றும். இதை எப்படி மறக்க முடியும் என்ற உறுதியும் கூடவே தோன்றும். வீடு வந்து சேர்ந்த பிறகு ஏதோ ஒன்று தோன்றியது என்பது மட்டும் நினைவில் இருக்கும். அது என்னவென்பது இருக்காது.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. "மடை, கல், கேட்க வேண்டும்" என்று கைபேசியில் ஒருவர் குறித்து வைத்திருப்பார். ஒரு மாதம் கழித்துப் படித்தால் எந்த மடை, என்ன கல், யாரைக் கேட்பது என்று அவருக்கே விளங்காது. குறிப்பே எழுதாமல் விட்டதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

செயலிகளின் பட்டியல் எனக்கு வேண்டாம். எந்த நேரத்தில், எவ்வளவு, எந்த வடிவில் எழுதி வைத்தால் ஓர் எண்ணம் பிழைத்திருக்கிறது என்பதை உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

வகுப்பறை (திருச்சி)

கல்லூரியில் உளவியல் கற்பிப்பவள் என்ற முறையில் "எந்த நேரத்தில்" என்ற கேள்விக்கு மட்டும் முதலில் விடை சொல்கிறேன். 1959இல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் நடத்திய சோதனை ஒன்று உண்டு. பங்கேற்றவரிடம் மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே வரச் சொன்னார்கள். மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பதற்கு இடம் கொடுக்காத இந்த ஏற்பாட்டில், 18 விநாடிகள் கடந்தபோது பத்தில் ஒரு முறை அளவுக்கே அந்த மூன்று எழுத்துகளும் சரியாக நினைவுக்கு வந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1885இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டார். மீண்டும் கற்பதில் மிச்சமான உழைப்பைக் கொண்டு அளந்தபோது, 20 நிமிடங்களில் ஏறக்குறைய 58 விழுக்காடும், ஒரு மணி நேரத்தில் 44 விழுக்காடும், ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சியிருந்தன. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. சரிவில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பொருளுள்ள எண்ணங்கள் பொருளற்ற அசைகளைவிட நீண்ட நேரம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகத் தோன்றிய எண்ணத்தை நாம் இன்னும் ஒருமுறைகூடத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டோம். அந்த நிலையில் கவனத்தை முழுமையாகக் கேட்கும் எந்த வேலையும் அதைத் தள்ளிவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அடுத்த வேலையைப் பார்ப்பது நல்லது. வண்டியை எடுப்பதற்கு முன், அழைப்பை ஏற்பதற்கு முன், இன்னொருவரிடம் பேசத் தொடங்குவதற்கு முன் குறித்துவிட வேண்டும்.

பொறுமை (சென்னை)

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உண்மையில் எழுதத் தகுந்த எண்ணம் மீண்டும் மீண்டும் வந்து கதவைத் தட்டும். மறந்துபோனது மறக்கத் தகுந்ததாகவே இருந்திருக்கும். தோன்றியதையெல்லாம் குறித்து வைப்பதைவிட, திரும்பி வருவதற்காகக் காத்திருப்பதே நல்ல சல்லடை என்பது என் கருத்து.

பழஞ்சுவடி (தஞ்சாவூர்)

பொறுமை ஐயா, உங்கள் கருத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக் காட்டுகிற ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். ஆட்டோ லூவி என்ற மருந்தியலாளர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றியவர். நரம்பிலிருந்து உறுப்புக்குச் செய்தி மின்சாரத்தால் போகிறதா, ஏதேனும் வேதிப்பொருளால் போகிறதா என்பது அக்காலத்தில் தீராத கேள்வி. அவர் பிற்காலத்தில் எழுதியபடி, 1920இல் ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய இரவில் தூக்கத்திலிருந்து விழித்து, சிறு தாள் ஒன்றில் சில குறிப்புகளைக் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கிவிட்டார். மிக முக்கியமான ஒன்றை எழுதினோம் என்பது காலையில் நினைவிருந்தது. எழுதியதைப் படிக்க முடியவில்லை. அடுத்த இரவு மூன்று மணிக்கு அந்த எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளை நம்பாமல் உடனே எழுந்து ஆய்வகத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகசு நரம்பைத் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் நரம்பு) தூண்டி, அந்த இதயத்திலிருந்த கரைசலை மற்றொன்றில் செலுத்தினார். நரம்பே தூண்டப்படாத இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. 1936ஆம் ஆண்டு நோபல் பரிசை அவர் ஹென்றி டேலுடன் பகிர்ந்துகொள்ள இதுவே அடிப்படை.

எண்ணம் திரும்பி வந்தது என்பது சரி. ஆனால் பிற்காலத்தில் எழுதிய அதே நினைவுக் குறிப்பில் லூவி இன்னொன்றையும் சொல்கிறார்: வேதிப்பொருள் என்ற கருத்து தமக்கு 1903இலேயே ஒரு நண்பருடன் பேசும்போது தோன்றியது என்றும், அதைச் சோதிக்கும் வழி தெரியாததால் அது நினைவிலிருந்தே நழுவிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். திரும்பி வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. திரும்பி வந்த எண்ணங்களை மட்டுமே நாம் அறிவோம்; திரும்பாமல் போனவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு நம்மிடம் வழியே இல்லை. எனவே காத்திருப்பது தரத்தைச் சலிக்கிறது என்று எவராலும் நிறுவ முடியாது.

மறதி நடுநிலையானதும் அன்று. சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில், பல ஆண்டுகள் ஒரு விதியைத் தவறாமல் கைக்கொண்டதாகச் சொல்கிறார். தம் முடிவுகளுக்கு எதிரான செய்தியோ, நோக்கோ, எண்ணமோ எதிர்ப்பட்டால் அதை அப்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அந்த விதி. சாதகமானவற்றைவிட எதிரானவையே நினைவிலிருந்து எளிதில் தப்பிவிடுகின்றன என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். கண்மாய்க்கரை நண்பருக்கு இது நேராகப் பொருந்தும். ஊரார் கூடிக் கண்மாயைக் காத்தார்கள் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, அதே ஊரில் நீர்ப்பங்கில் ஒரு தெருவினருக்கு உரிமை மறுக்கப்பட்டதை யாராவது சொன்னால், முதலில் மறந்துபோவது அதுவாகத்தான் இருக்கும். கட்டுரைக்கு உயிர் கொடுப்பதும் அதுவே.

அடுப்படி (கோயம்புத்தூர்)

நான் கொங்கு நாட்டுச் சமையலைப் பற்றி எழுதுகிறேன். என் எண்ணங்கள் கையில் மாவு ஒட்டியிருக்கும்போதுதான் வருகின்றன என்பதால், தாளும் பேனாவும் எனக்கு உதவுவதில்லை. கைபேசியில் குரலைப் பதிந்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 இறுதியில் வந்தது. அதற்கு முன் பலர் தாம் ஒருவரே உறுப்பினராக இருக்கும் குழுவை இதற்கென்றே வைத்திருந்தார்கள். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் செயலிகளும் இப்போது கிடைக்கின்றன. இருந்தாலும் எழுத்தை மட்டும் சேமித்துவிட்டுக் குரலை அழித்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். செயலி எதுவானாலும் வட்டாரச் சொல்லிலும் ஊர்ப்பெயரிலும் தடுமாறும். சந்தகையைப் (எங்கள் பக்கத்து இடியாப்பம்) பற்றிச் சொன்னது சந்தையைப் பற்றியதாக மாறியிருந்தால், சில வாரங்கள் கழித்து அதைத் திருத்துவதற்குக் குரல் ஒன்றே சான்று.

பேசும்போது நான் மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்காமல் நிறுத்துவதில்லை. என்ன தோன்றியது, எதைப் பார்த்தோ கேட்டோ தோன்றியது, இதை எழுத வேண்டுமென்றால் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் அல்லது எதைச் செய்து பார்க்க வேண்டும் என்பவை அவை. எடுத்துக்காட்டாக, "கொள்ளு கடைவதற்கு முன் வடித்த நீரில் ரசம் வைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு ஏன் மாறுகிறது என்று எழுத வேண்டும், இன்று அத்தை புளி சேர்க்க வேண்டாம் என்று தடுத்ததால் தோன்றியது, அவருடைய பிறந்த ஊரில் எப்படி வைப்பார்கள் என்று கேட்க வேண்டும்" என்று சொல்வேன். இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

கண்மாய்க்கரை (மதுரை)

அம்மா, மூன்றாவது செய்தியைச் சேர்ப்பது எனக்குத் தோன்றாத ஒன்று; மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. களத்தில் நான் பெரும்பாலும் ஒளிப்படம் எடுத்துவிடுகிறேன். படமே குறிப்பாகப் போதாதா?

வகுப்பறை (திருச்சி)

போதாது. லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அப்பொருள்களையும் அவற்றின் நுணுக்கங்களையும் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. கவனத்தைச் செலுத்தி எடுத்த படம் வேறு, கருவியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எடுத்த படம் வேறு என்பதற்கு இது சான்று. படத்தில் கல் இருக்கும். அந்தக் கல்லைப் பார்த்தபோது உங்களுக்கு எழுந்த கேள்வி அதில் இருக்காது. படமெடுத்த கையோடு ஒரு வரியாவது எழுதுங்கள்.

சேமிப்பதால் நினைவாற்றல் கெடும் என்று அஞ்சவும் தேவையில்லை. 2015இல் ஸ்டார்ம், ஸ்டோன் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வில், முதல் கோப்பைச் சேமித்துவிட்டு அடுத்ததைக் கற்றவர்கள், சேமிக்காமல் கற்றவர்களைவிட அந்த இரண்டாவது கோப்பை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். குறித்துவிட்டால் அடுத்த எண்ணத்துக்கு மனத்தில் இடம் கிடைக்கிறது.

நோட்டுப்புத்தகம் (கும்பகோணம்)

எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சீனிவாச இராமானுசன் தாளின் விலை கட்டுபடியாகாததால் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, கிடைத்த விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். மூன்று நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் எழுதப்படவில்லை. அம்முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுவிக் கணித வல்லுநர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. இராமானுசன் தம் வாழ்வின் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித வல்லுநரின் கண்ணில் பட்டன. அவற்றை விளக்க மேலும் ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன.

அவருடைய வறுமையையும் அந்த வழிக்கு அவர் தள்ளப்பட்டதையும் நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. விடை மட்டும் இருந்து வழி அழிந்துபோன குறிப்பை மீட்க உலகின் தலைசிறந்த கணித வல்லுநர்கள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். நம் குறிப்புகளுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நமக்குத் தாள் தட்டுப்பாடும் இல்லை. ஆகவே குறிப்பை ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே சொல்வேன். பயனிலை எழுதும்போதுதான் நமக்குத் தோன்றியது ஒரு பொருளின் பெயர் மட்டுமா, அதைப் பற்றிய கருத்தா என்பது தெரியவரும். "மடை, கல்" என்பதை இப்படி எழுதிப் பாருங்கள்: "கண்மாயின் தெற்கு மடைத்தூணில் எழுத்து இருக்கிறது, நீர் வற்றும் சித்திரையில்தான் வெளியே தெரியும் என்று மீன்பாசிக் குத்தகைக்காரர் சொன்னார், மடை கட்டியவர் பெயரா, நீர்ப்பங்கு முறையா என்று படித்துப் பார்க்க வேண்டும்." இந்தக் குறிப்பை ஓராண்டு கழித்து எடுத்தாலும் கட்டுரையைத் தொடங்கிவிடலாம்.

பனங்காடு (யாழ்ப்பாணம்)

எழுதி வைத்த பிறகு அது எங்கே இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எழுத்துருமாற்றிச் செயலியைக் கொண்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய பிறகே படிக்க முடியும். தமிழ்நாட்டில் 1999இல் டாம், டாப் என்ற கணினி எழுத்துக் குறியீடுகள் ஏற்கப்பட்டு, 2010இல் அரசு ஒருங்குறிக்கு மாறியதால், அங்கும் இந்தச் சிக்கல் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இணையச் சேவைகளின் ஆயுளும் குறுகியது. கூகுள் நோட்புக் 2012இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014இல் மூடப்பட்டது. இரண்டிலும் குறிப்புகளை வெளியே எடுக்க வாய்ப்புத் தரப்பட்டது, ஆனால் அறிவிப்பைக் கவனித்தவர்களுக்கே அது பயன்பட்டிருக்கும். ஒருங்குறியில் எழுதிய எளிய உரைக்கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும். எந்தச் செயலியில் குறித்தாலும் மாதம் ஒருமுறை அதை உரைக்கோப்பாக இறக்கி, வேறொரு சேமிப்பகத்தில் ஒரு படி வைத்துக்கொள்வது நல்லது. இடம்பெயர்ந்த வீடுகளில் தாள்களும் நோட்டுகளும் என்னவாயின என்பதைக் கண்டவர்கள் நாங்கள். ஆகவே ஒரே இடத்தில் ஒரே படியாக எதையும் வைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சிட்டையும் பேரேடும் (விருதுநகர்)

மண்டிகளில் கணக்கு எழுதிய குடும்பம் எங்களுடையது. வரவு செலவு நடந்த வரிசையில் அன்றாடம் சிட்டையில் ஏறும். பிறகு உட்கார்ந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் எடுத்தெழுதுவார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியல் கற்பித்த லிச்டன்பெர்க், 1765 அளவில் தொடங்கி 1799இல் இறக்கும் வரை இதே முறையில்தான் தம் எண்ணங்களைக் குறித்தார். வணிகர்கள் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்கின்றி எழுதும் ஏட்டை முன்மாதிரியாகக் காட்டி, அறிஞரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார்.

இந்த இழையில் எல்லோரும் சிட்டையைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். எடுத்தெழுதாத சிட்டையால் யாருடைய பாக்கியும் வசூலாகாது. வாரத்தில் ஒரு நாள் குறிப்புகளையெல்லாம் படித்து, கட்டுரைத் தலைப்புவாரியாகப் பெரிய ஏட்டிலோ கோப்பிலோ எடுத்தெழுத வேண்டும். அப்போது சில குறிப்புகள் தம்முள் ஒன்று சேர்ந்து ஒரே கட்டுரையாகும். சில, எழுதத் தகுந்தவை அல்ல என்று தெரியும். பொறுமை ஐயா சொன்ன சல்லடையை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏட்டுக்கு அட்டவணை போடுவதற்கு ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1686இல் பிரெஞ்சில் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதையடுத்து வரும் முதல் உயிரையும் கொண்டு பிரித்து, அந்தக் கட்டத்தில் பக்க எண்ணை எழுதுவது அது. அவர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் செய்ததைத் தமிழில் ஓர் உயிர்மெய் தானாகவே செய்துவிடுகிறது. கலிங்கு "க"வில், காணி "கா"வில், குமிழி "கு"வில் என்று முதல் எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டால் போதும். நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களில் இதை அடக்கிவிடலாம்.

பொறுமை (சென்னை)

முதலில் பதிவது, பிறகு சலிப்பது என்ற வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். சலித்துக் கழித்தவற்றை என்ன செய்கிறீர்கள்? அழித்துவிடுகிறீர்களா?

சிட்டையும் பேரேடும் (விருதுநகர்)

இல்லை. ஒரு கோடு இழுத்துவிட்டு, ஏன் கழித்தோம் என்பதை இரண்டு சொற்களில் பக்கத்தில் எழுதுவேன். அடித்த வரி படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு வழக்கம்.

கண்மாய்க்கரை (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. முழு வாக்கியம், எதனால் தோன்றியது, அடுத்து யாரைக் கேட்பது என்ற மூன்றையும் வண்டியை எடுப்பதற்கு முன்பே எழுதுவது என்றும், வாரத்தில் ஒரு நாள் எடுத்தெழுதுவது என்றும் முடிவு செய்துவிட்டேன். ஒன்று மட்டும் தீரவில்லை. ஒரு நீர்பாய்ச்சி (வயல்களுக்கு நீரைத் திறந்துவிடுபவர்) மனம் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போது நோட்டை எடுத்தால் பேச்சின் ஓட்டம் நின்றுவிடுகிறது. எடுக்காவிட்டால் அவர் சொன்னதும் அதனால் எனக்குத் தோன்றியதும் கலந்து மறந்துவிடுகின்றன.

களப்பணி (திருநெல்வேலி)

நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பில் பல காலம் ஈடுபட்டவன் என்பதால் இதற்கு விடை சொல்கிறேன். நடுவில் எடுப்பதால்தான் ஓட்டம் நிற்கிறது. வணக்கம் சொன்னவுடனேயே, "ஐயா சொல்வதை எழுதிக்கொள்ளலாமா" என்று கேட்டு நோட்டை மடியில் விரித்து வைத்துவிட்டால், சற்று நேரத்தில் அவர் அதை மறந்துவிடுவார். பேச்சின்போது பெயர், ஊர், அளவு, ஆண்டு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். அவர் சொன்னதை இடப்பக்கத்திலும், உங்களுக்குத் தோன்றியதை வலப்பக்கத்திலும் வையுங்கள்; இரண்டும் கலந்துவிட்டால் பிறகு உங்கள் ஊகத்தை அவர் வாய்மொழியாகவே நீங்கள் எழுதிவிடக்கூடும், அது அவருக்குச் செய்யும் தீங்கு. விடைபெற்றவுடன், வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், கரையில் உட்கார்ந்து வாக்கியங்களை நிரப்புங்கள்.

ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரியவர்கள் "தாது வருஷத்தில் உடைந்த மடை" என்று சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள். அங்கேயே ஆங்கில ஆண்டாக மாற்றாதீர்கள். அறுபதாண்டுச் சுழற்சியில் தாது 1876இலும் 1936இலும் 1996இலும் தொடங்கியிருக்கிறது. பெரும் பஞ்சத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது முதலாவது. எதை அவர் குறிப்பிடுகிறார் என்று அறிய, அது அவரே கண்டதா, தகப்பனார் சொன்னதா, பாட்டனார் சொன்னதா என்பதையும், அவருடைய வயதையும் அதே வரியில் குறித்து வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அறுபது ஆண்டு வேறுபாட்டை ஊகத்தால் தீர்க்க முடியாது.